கிட்டார் சத்தம் கேட்டுக் காதைப் பொத்தலாமா?

இந்த ஆண்டு பொங்கலையொட்டி ஆரியசாலைப் பக்கம் நம்மவர்கள் நடத்திய ஒரு விழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த அமைப்பு, எந்தத் தெரு என்பதெல்லாம் வேண்டாம். கோலப்போட்டி, பட்டிமன்றம், மெல்லிசை என்று வழக்கம்போல நிகழ்ச்சி நிரல். அதில் பத்து நிமிடம் கேட்டு நான்கு இளைஞர்கள் மனுக் கொடுத்தார்கள். கிட்டார், டிரம்ஸ் வைத்துக்கொண்டு பாம்பாட்டிச் சித்தர் பாடல் ஒன்றைப் பாடுகிறோம் என்றார்கள். நால்வரில் ஒருவன் என் அக்காள் மகன்.

குழுவில் இருந்த பெரியவர் நல்ல மனிதர். சாலைக் கடைத்தெருவில் முப்பது ஆண்டுக்கு மேல் மொத்த வியாபாரம் செய்கிறவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். மனுவைப் பார்த்துவிட்டு, "சினிமாப் பாட்டுன்னா பாடுங்கப்பா, பக்திப் பாட்டுன்னாலும் பாடுங்க. சித்தர் பாட்டை இப்படி டமடமன்னு அடிச்சுக் கெடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். மேடை கிடைக்கவில்லை.

அன்று இரவு பையன் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "மாமா, அவியல் குழு 'ஆடு பாம்பே' பாடினா இந்த ஊரே கை தட்டுது. அதே பாம்பைத் தமிழ்ல பாடுதோம்னு சொன்னா நம்ம ஆளுங்களே விரட்டுதாங்க. இது என்ன நியாயம்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அந்த 'அவியல்' குழுவின் முதல் இசைத்தட்டைக் கேட்டபோது நானும் அண்ணாச்சி மாதிரித்தான் காதைப் பொத்திக்கொண்டேன். பிறகு எப்படி மனம் மாறினேன் என்பதைச் சொன்னால், பையனுக்குப் பதிலாகவும் இருக்கும், நம் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பமாகவும் இருக்கும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊரில் பிறந்த குழு

அவியல் என்பது வேறெங்கோ பிறந்து இங்கு வந்த குழு அல்ல. 2003-ல் இதே திருவனந்தபுரத்தில் தோன்றிய ராக் இசைக்குழு. டோனி ஜான், கிட்டார் வாசிக்கும் ரெக்ஸ் விஜயன், பேஸ் கிட்டார் வாசிக்கும் நரேஷ் காமத், டிரம்ஸ் வாசிக்கும் மிதுன் புத்தன்வீட்டில் ஆகியோர் இதன் முக்கியக் கலைஞர்கள். தொடக்கத்தில் ஆனந்தராஜ் பெஞ்சமின் பால் என்பவரும் பாடகராக இருந்தார். 'நட நட' என்ற பாட்டின் படக்காட்சி தொலைக்காட்சியில் வந்ததிலிருந்து கல்லூரி மாணவர்கள் இவர்களைக் கவனிக்கத் தொடங்கினார்கள். 2008 ஜனவரியில் குழுவின் பெயரிலேயே முதல் இசைத்தட்டு வெளிவந்தது. மொத்தம் எட்டுப் பாடல்கள். எல்லாம் மலையாளம்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். கேரளத்தில் ராக் இசை அதற்கு முன்பே உண்டு. கொச்சியின் 'தர்ட்டீன் ஏ.டி.' குழு எண்பதுகளிலேயே பெயர் பெற்றது. 1996-ல் அதே கொச்சியில் 'மதர்ஜேன்' குழு தோன்றியது. திறமைக்கு அவர்களிடம் குறைவில்லை. ஆனால் பாடியதெல்லாம் ஆங்கிலம். ராக் என்றால் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும், தாய்மொழி அதற்கு ஒத்துவராது என்பது அப்போது எழுதப்படாத சட்டமாக இருந்தது. அவியல் குழுவினர் அந்தச் சட்டத்தை மதிக்கவில்லை. அவர்கள் செய்த பெரிய காரியம் அதுதான்.

முதலில் பிடிக்கவில்லை

2008-ல் எனக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. நண்பன் ஒருவன் ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டு, "கேளு" என்றான். முதல் பாட்டு முடிவதற்குள் கழற்றிக் கொடுத்துவிட்டேன். கிட்டார் இரைச்சலுக்கு அடியில் சொற்கள் புதைந்து கிடந்தன. பாடுகிறவர் குரலில் இனிமை இல்லை. யேசுதாஸ் குரலைக் கேட்டு வளர்ந்த ஊரில் இப்படியும் ஒருவர் பாடுவாரா என்று தோன்றியது. "சாப்பிடுகிற அவியல் தேவலை" என்று கேலி செய்தேன். என் முதல் அபிப்பிராயம் அவ்வளவுதான். அதை மறைக்க விரும்பவில்லை.

சில வாரம் கழித்து, சாலைத் தெருவில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ ஒரு பையனின் செல்போனில் அதே இசைத்தட்டின் 'கருகர' பாட்டு ஒலித்தது. பக்கத்தில் மூட்டை இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த வயதான மலையாளத் தொழிலாளி ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டு கூடவே முணுமுணுத்தார். எனக்கு ஆச்சரியம். "இந்தப் பாட்டு தெரியுமா?" என்று கேட்டேன். "இது பழைய பாட்டாச்சே மோனே, காவாலத்தோட பாட்டு" என்றார்.

அவர் சொன்னது சரி. அது நாடக மேதை காவாலம் நாராயணப் பணிக்கர் எழுதிய பாட்டு. 1979-ல் ஜி. அரவிந்தன் எடுத்த 'கும்மாட்டி' படத்தில் வந்தது. காவாலமும் பல காலம் இதே திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2016-ல் மறைந்தவர்தான். மூட்டை தூக்குகிறவரின் நினைவில் இருந்த பாட்டைக் கல்லூரிப் பையனின் செல்போனுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் இந்த ராக் குழுவினர். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டுக்குத் தலையாட்டினார்கள். இடையில் நான் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தேன்!

அன்று இரவே நண்பனிடம் இசைத்தட்டைத் திரும்ப வாங்கி, எட்டுப் பாட்டையும் வரிசையாகக் கேட்டேன்.

பாம்பு எங்கிருந்து வந்தது?

இரண்டாம் முறை கேட்டபோது என்னைப் பிடித்து நிறுத்தியது 'ஆடு பாம்பே'. அது ஸ்ரீ நாராயண குரு இயற்றிய 'குண்டலினிப் பாட்டு'. உடம்புக்குள் உறங்கும் குண்டலினி சக்தியைப் பாம்பாக உருவகித்து, ஆடு என்று அழைக்கும் பாடல். இந்த அழைப்பு நமக்குப் புதிதா? மருதமலைக் குகையோடு சேர்த்துப் பேசப்படும் நம் பாம்பாட்டிச் சித்தர், பாட்டுக்குப் பாட்டு அழைத்தது இதே பாம்பைத்தானே!

இது தற்செயல் ஒற்றுமை இல்லை. செம்பழந்தியில் 1856-ல் பிறந்த குரு, தமிழ் நன்றாகக் கற்றவர். தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் பாடியவர். திருக்குறளின் ஒரு பகுதியையும் 'ஒழிவில் ஒடுக்கம்' என்ற நூலையும் மலையாளத்தில் தந்தவர். அவருக்கும் சட்டம்பி சுவாமிகளுக்கும் யோகம் கற்பித்தவர் தைக்காடு அய்யாவு சுவாமிகள். அய்யாவு சுவாமிகள் யார்? தமிழர். தைக்காடு ரெசிடென்சியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஞானம் போதித்தவர். 1909-ல் அவர் சமாதியான இடம் ஆரியசாலையிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

ஆக, சித்தர் மரபில் பிறந்த பாம்பு, தைக்காட்டுத் தமிழரின் சீடர் வாயிலாக மலையாளத்துக்குப் போய், நூறு ஆண்டு கழித்து ஒரு மின்சாரக் கிட்டாரில் ஏறி ஆடுகிறது. அதைத் தமிழில் திரும்ப ஆடவைக்க நம் பிள்ளைகள் நால்வர் ஆசைப்பட்டார்கள். நாம் வேண்டாம் என்றோம்.

குறையும் உண்டு

எல்லாவற்றையும் புகழ்வது என் நோக்கமல்ல. இசைத்தட்டில் குறைகள் உண்டு. பல இடங்களில் சொல் தெளிவாகக் காதில் விழுவதில்லை. வார்த்தையை இழுத்தும் முறித்தும் பாடுவதில் ஆங்கிலப் பாட்டின் சாயல் தெரிகிறது. தாய்மொழியில் பாடுகிறோம் என்று புறப்பட்டவர்கள் உச்சரிப்பில் இன்னும் கொஞ்சம் கவனம் செலுத்தியிருக்கலாம். சில பாடல்களில் கிட்டார் ஆவேசம் பாட்டின் பொருளை மீறிப் போகிறது.

ஆனால் நிறைகளைச் சொல்லாமல் விட்டால் பாவம். 'செக்கேலே' பாட்டில் டிரம்ஸ் விழும் இடங்களைக் கவனித்தால் மேனாட்டுத் தாளத்தைவிட வயல்வெளிப் பாட்டின் நடைதான் அதிகம் கேட்கும். 'அரிகுறுக' நம் குழந்தைகள் கை வைத்து விளையாடும் பாட்டைப் போல் துள்ளுகிறது. காதல், நிலா என்று சினிமா அரைத்த மாவையே அரைக்காமல், மண்ணிலிருந்தும் தத்துவத்திலிருந்தும் சொற்களை எடுத்தார்கள். கதாநாயகன் முகம் இல்லாமல், படக்கதை இல்லாமல், பாட்டு தன் காலில் தானே நிற்க முடியும் என்று காட்டினார்கள்.

பெயரையும் கவனியுங்கள். அவியல் என்பது ராஜா வீட்டு விருந்தில் மிஞ்சிய காய்களைச் சேர்த்துச் செய்ததில் பிறந்தது என்று இங்கே ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும். அவியலின் குணம் என்ன? முருங்கைக்காய் முருங்கைக்காயாகவே இருக்கும், சேனை சேனையாகவே இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது நம் தேங்காயும் சீரகமும். கிட்டாரும் டிரம்ஸும் வெளியூர்க் காய்கறி. அரைத்து ஊற்றியது மட்டும் உள்ளூர்த் தேங்காய். பெயர் வைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

வயலின் மட்டும் நம்முடையதா?

"கிட்டார் நம் வாத்தியம் இல்லையே" என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வயலின்?

சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் தஞ்சை நால்வர் இந்த ஊர் அரண்மனைக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான வடிவேலு வயலினில் வல்லவர். வயலின் ஐரோப்பிய வாத்தியம். கர்நாடக இசைக்கு அதைப் பழக்கியவர்களில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரோடு வடிவேலுவின் பெயரும் முன்வரிசையில் நிற்கிறது. 1834-ல் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தார். அன்றைக்கு யாராவது, "இது வெள்ளைக்காரன் வாத்தியம், சபைக்கு ஆகாது" என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால், இன்று எந்தக் கச்சேரியிலாவது வயலின் இருக்குமா? ஹார்மோனியத்தின் கதையும் இதுதான். அது இல்லாத பஜனை மடம் உண்டா?

பழமை மாறாது என்று நாம் நினைக்கும் இடங்களே மாறியிருக்கின்றன. நவராத்திரி வந்தால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாக இந்த நகரத்துக்கு எழுந்தருள்வதை நாம் அறிவோம். குமாரசுவாமி வந்து தங்குவது நம் ஆரியசாலைக் கோயிலில்தான். ஒன்பது நாளும் சங்கீதம் நடக்கும் நவராத்திரி மண்டபத்தில் ஆண்கள் மட்டுமே பாடுவார்கள் என்பது நெடுங்கால வழக்கம். 2006-ல் பாறசாலை பொன்னம்மாள் அங்கே உட்கார்ந்து பாடினார். அங்கே பாடிய முதல் பெண்மணி அவர்தான். வானம் இடிந்து விழவில்லை. சங்கீதத்துக்கும் குறைவு வரவில்லை. மகாராஜா காலத்து மண்டபமே கதவைத் திறந்தபோது, தகரக் கொட்டகை போட்ட நம் மேடைக்கு அத்தனை கட்டுப்பாடா?

மற்றவர்கள் செய்தார்கள்

வங்காளிகள் இந்த விஷயத்தில் முன்னோடிகள். எழுபதுகளின் நடுவில் கல்கத்தாவில் 'மொகீனேர் கோராகுலி' என்ற குழு வங்காள மொழியிலேயே பாடத் தொடங்கி, 1977-ல் முதல் இசைத்தட்டைக் கொண்டுவந்தது. அன்று பெரிய வரவேற்பு இல்லை. இன்று வங்காள இளைஞர்களின் இசைக்கு வழிகாட்டி என்று அதைத்தான் கொண்டாடுகிறார்கள். முதல் அபிப்பிராயம் எத்தனை தவறாகப் போகும் என்பதற்கு என்னை மட்டும் சாட்சி சொல்ல வேண்டாம், ஒரு பெரிய நகரமே சாட்சி.

தமிழ்நாட்டில் 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில், இசையமைப்பாளர் டென்மா சேர்த்த குழு அது. கானாப் பாட்டும் ராப்பும் ராக் இசையும் ஒன்றாக, சாதிக் கொடுமையை எதிர்த்துப் பாடினார்கள். சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவுக்கு மரியாதையான மேடை கிடைத்தது. அதே ஆண்டில் 'மகிழ்ச்சி' என்ற அவர்களது முதல் இசைத் தொகுப்பும் வந்தது. ஆகவே, தமிழுக்கு இந்த இசை ஒத்துவராது என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

அவியல் குழுவின் கதைக்கும் தொடர்ச்சி உண்டு. 2011-ல் 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் இவர்கள் பாட்டு இடம்பெற்றது. ரெக்ஸ் விஜயன் 'மாயாநதி', 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' போன்ற படங்களுக்கு இசையமைத்தார். சினிமாவுக்கு வெளியே நின்று பாடியவர்களைச் சினிமாவே தேடி வந்தது. நாமோ சினிமாவைத் தவிர வேறு எதையும் மேடையேற்ற மாட்டோம் என்கிறோம்!

டிக்கெட் ஜன்னலில் கண்டது

இதெல்லாம் பாட்டு ரசனை விஷயம்தானே, இதற்கு இத்தனை வாதம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். எனக்கு இது ரசனை விஷயமாக மட்டும் படவில்லை.

ரயில்வே கவுண்டரில் உட்காருகிறவன் நான். பண்டிகைக் காலத்தில் நம்மவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ தகப்பனார் தமிழில் டிக்கெட் கேட்பார். முன்பதிவுப் படிவத்தைப் பிள்ளை வாங்கி ஆங்கிலத்தில் நிரப்பும். கேட்டால் மலையாளம் சரளமாக எழுதும். தமிழில் உன் பெயரை எழுது என்றால் விழிக்கும். இங்கே பிழைக்க வந்த இடத்தில் மலையாளம் படிப்பது அவசியம், அது பெருமையும்கூட. குற்றம் அதுவல்ல. ஆனால் தமிழ் அந்தப் பிள்ளைக்கு அடுக்களை மொழியாகவும் தொலைக்காட்சி மொழியாகவும் சுருங்கிவிட்டதே, அதுதான் கவலை.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் நான்கு பேர், தாமாக ஒரு சித்தர் பாட்டைத் தேடிப் பிடித்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் மருமகனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பாட்டை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் என்னிடம் அர்த்தம் கேட்டான். எனக்கே பாதி தெரியவில்லை. பத்தாவது வரை படித்தவன், பாடப் புத்தகத்தோடு நின்றவன். இருவரும் அகராதியைப் புரட்டினோம். மூன்று மாதம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் இதுதான் வேலை. பள்ளிக்கூடம் செய்யாததை, சங்கம் செய்யாததை, அந்தக் கிட்டார் செய்தது. அந்தப் பிள்ளையைத்தான் நாம் மேடைக்குக் கீழேயே நிறுத்தினோம்.

அவன் கோபித்துக்கொண்டு தமிழை விட்டுவிட்டால்? மலையாள நண்பர்களோடு மலையாளத்தில் பாடினால் அவனுக்கு நூறு மேடை கிடைக்கும். கை தட்டவும் ஆள் இருக்கும். நஷ்டம் அவனுக்கு இல்லை, நமக்குத்தான்.

என்ன செய்யலாம்?

அண்ணாச்சியின் பயத்தையும் நான் புரிந்துகொள்கிறேன். சித்தர் பாட்டு புனிதமானது, கூத்தடித்துவிடக் கூடாது என்பது நியாயமான கவலை. அதற்கு வழி இருக்கிறது.

விழாவில் இருபது நிமிடம் பிள்ளைகளுக்கு ஒதுக்குவோம். இரண்டே நிபந்தனை போடுவோம். பாடுவது தமிழாக இருக்க வேண்டும். சொல் ஒவ்வொன்றும் கடைசி வரிசைக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். அவியல் குழுவின் முதல் இசைத்தட்டில் நான் கண்ட குறை நம் பிள்ளைகளிடம் வராமல் அது காக்கும். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே பெரியவர்கள் உட்கார்ந்து ஒத்திகையைக் கேட்கட்டும். உச்சரிப்பு தவறினால் திருத்தட்டும். பொருள் தெரிந்தவர்கள் பொருள் சொல்லட்டும். பிள்ளைகள் கிட்டாரைக் கொண்டுவரட்டும், நாம் தேங்காயும் சீரகமும் கொண்டுவருவோம்.

கேட்டுப் பார்த்த பிறகும் பிடிக்கவில்லையா? தாராளமாகச் சொல்லுங்கள். கேட்காமலே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் ஒரு பாட்டு முடிவதற்குள் ஹெட்போனைக் கழற்றியவன். டீக்கடையில் ஒரு சுமைதூக்கும் பெரியவர் தலையாட்டியிராவிட்டால், அந்த எட்டுப் பாட்டும், அதற்குள் இருந்த நம் சித்தரும் எனக்குத் தெரியாமலே போயிருப்பார்கள்.

அடுத்த பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பையன்கள் பயிற்சியை நிறுத்தவில்லை. போன வாரம் அண்ணாச்சியைக் கடையில் பார்த்தேன். "உம்ம மருமகன் இன்னும் பாடுதானாவே?" என்று அவராகவே கேட்டார். பாடுகிறான் அண்ணாச்சி, ஒருநாள் வீட்டுக்கு வந்து கேளுங்கள் என்றேன். "பார்ப்போம்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.